தலை வழுகிய ஆணி

அரிசி மணியிலும் சிறியதொரு திருகாணி எம்மைத் தலைகுனிய வைத்த கதையை இந்த வாரம் வாசகர்களுக்குச் சொல்லப் போகிறோம். கதை எமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும், வீட்டிலே மடிக்கணினி வைத்திருப்போருக்கும், அதனை நம்பிக் கல்வி பயிலும் மாணவருக்கும் அதனாற் சிறிது பயன் உண்டு என்று கருதியே எழுதுகிறோம்.

எமது தமக்கையின் மகள் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவி. ஆய்வுக் கட்டுரையைக் கையளிக்க ஐந்து நாட்களே இருந்தன. அவ்வேளை பார்த்து அவளது மடிக்கணினி நோயுற்றது. அரை மணி நேரம் வேலை செய்தால் தோசைக்கல்லைப் போலச் சுட்டது. பின்னர் தானே அணைந்தது. உள்ளே இருக்கும் விசிறியிலே தூசி அடைத்துக்கொண்டால் இவ்வாறு நேர்வதுண்டு. சூடு வெளியேற வழியில்லாதபோது, கணினி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுத் தானாகவே நின்றுவிடும்.

"கடைக்குக் கொண்டுபோகட்டோ, மாமா?" என்று கேட்டாள்.

"இதற்கும் ஒரு கடையா? அடிமூடியைத் திறந்து தூசியைத் தட்டினால் வேலை முடிந்தது" என்று நாம் வீரம் பேசினோம்.

அடிமூடியிலே பத்துத் திருகாணிகள். எம்மிடம் இருந்த மிகச் சிறிய திருப்புளிக்கு ஒன்பது ஆணிகள் அடங்கி வந்தன. பின்புற மூலையில் இருந்த பத்தாவது ஆணி அசையவில்லை. திருப்புளியின் முனை 'கிரிச்' என்ற ஒலியுடன் வழுகியது.

"மாமா, காணும். விடுங்கோ" என்றாள் பிள்ளை.

"சும்மா இரு" என்று சொல்லி மீண்டும் திருப்பினோம். மீண்டும் வழுகியது. ஐந்தாறு முறை இவ்வாறு போராடியபின் குனிந்து பார்த்தால், சிலுவை வடிவாக இருந்த பள்ளம் வெறும் வட்டக் குழியாக மாறியிருந்தது. இனித் திருப்புளி பிடிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

இது ஏன் நிகழ்கிறது என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. இந்தச் சிலுவைத் தலை ஆணியை உலகிலே பரப்பியவர் அமெரிக்காவின் போட்லண்ட் நகரைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ் என்பவர். 1936ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் கடிலாக் மோட்டார் வண்டிகளை இணைப்பதில் அது பயன்படுத்தப்பட்டது. ஒற்றைப் பள்ளம் உள்ள பழைய ஆணியிலே திருப்புளி பக்கவாட்டில் நழுவிப்போகும். சிலுவைப் பள்ளத்திலோ அது தானாகவே நடுவில் வந்து அமரும். தொழிற்சாலைகளின் வேகத்துக்கு அது வாய்ப்பாக இருந்தது. ஆனால் அப்பள்ளத்தின் சுவர்கள் சரிவானவை. திருப்பும் விசை மிகும்போது முனை அச்சரிவின் வழியே மேலேறி வழுகும். வழுகும் ஒவ்வொரு முறையும் சுவரைச் சிறிது சுரண்டிவிடும். ஆகவே முதலாவது வழுகல் ஓர் எச்சரிக்கை. இரண்டாவது முதல் எல்லாம் நாமே செய்யும் சேதம்.

எங்கோ கேட்டிருந்த உபாயம் ஒன்று நினைவுக்கு வந்தது. அகலமான ரப்பர் பட்டி ஒன்றை ஆணித் தலையின்மேல் விரித்து, அதன்மேல் திருப்புளியை அழுத்தித் திருப்பினோம். தேய்ந்த இடத்தை ரப்பர் நிரப்பிப் பிடிப்புத் தரும் என்பது உண்மையே. சிறிதளவு தேய்ந்த ஆணிக்கு அது போதும். எமது ஆணியோ அந்த எல்லையைக் கடந்திருந்தது. ரப்பர் கிழிந்தது, ஆணி அசையவில்லை.

அப்போதுதான் எமக்கு ஆத்திரம் வந்தது. அலுமாரியில் இருந்த மின்சாரத் துறப்பணத்தை எடுத்து வந்தோம். பிள்ளை கணினியைத் தன் இரு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

"மாமா, என்ர கட்டுரை முழுக்க இதுக்குள்ளதான் இருக்கு" என்றாள். வேறெங்கும் பிரதி இல்லை என்பதையும் அப்பொழுதே அறிந்தோம். துறப்பணத்தைக் கீழே வைத்தோம். துளைக்கும்போது சிந்தும் இரும்புத் தூள் ஒரு துணுக்கேனும் மின்சுற்றுப் பலகையில் விழுந்தால், ஆணியோடு அவளது ஓராண்டு உழைப்பும் போயிருக்கும்.

எமது தெருக்கோடியில் மணிக்கூடு திருத்தும் முதியவர் ஒருவர் இருக்கிறார். இப்போது கைத்தொலைபேசிகளையும் திருத்துகிறார். கணினியையும் எமது திருப்புளியையும் அவர் முன்னே வைத்தோம். அவர் ஆணியைப் பார்க்கவில்லை. "பிள்ளை, உள்ளுக்கு இருக்கிறதைப் பிரதி எடுத்தாச்சோ?" என்றுதான் முதலிற் கேட்டார். இல்லையென்றதும், கணினி ஆறியிருந்தபடியால் அதனை இயக்கி, கட்டுரையைப் பென் டிரைவில் பிரதி செய்வித்தார். அதன்பின் கணினியை அணைத்து, மின்வடத்தையும் கழற்றினார்.

அடுத்து உருப்பெருக்குக் கண்ணாடியைக் கண்ணிலே செருகிக்கொண்டு ஆணியை நோக்கினார். "தம்பி, ஆணியிலை பிழையில்லை. திருப்புளியிலைதான் பிழை" என்றார்.

சிலுவை முனைத் திருப்புளிகளுக்கு எண் உண்டு. 0, 00, 000 என்று சுழியம் கூடக்கூட முனை சிறுக்கும். அந்த ஆணிக்குரியது 0 எண். நாம் கொண்டு போராடியது 000. தளர்வாக இருந்த ஒன்பது ஆணிகள் அதற்கு இணங்கின. இறுகியிருந்த பத்தாவது இணங்கவில்லை. இன்னுமொன்றும் சொன்னார்: யப்பானிய நியமப்படி செய்த சிலுவை ஆணிகள் பார்வைக்கு இவை போலவே இருப்பினும் பள்ளத்தின் அமைப்புச் சிறிது வேறானது, அவற்றுக்கு அவற்றுக்குரிய முனையே பொருந்தும்.

பின்னர் நிகழ்ந்தது பத்து நிமிட வேலை. ஊசியினால் குழியிலிருந்த உலோகத் துகளைக் கிளறி அகற்றினார். அதிர்வினால் ஆணி தளராதிருக்கத் தொழிற்சாலையில் அதன் புரியிலே ஒருவகைப் பசை பூசுவதுண்டு. சூடு பட்டால் அது இளகும். பற்றாசுக் கோலின் நுனியை ஆணித் தலையில் நாலைந்து வினாடி வைத்தெடுத்தார். மின்கலம் முன்புறத்தில், அந்த மூலைக்கு வெகு தூரத்தில் இருந்தமையால்தான் அவ்வாறு செய்தாராம். மின்கலத்தின் அருகே சூடு காட்டவே கூடாது என்றார். பிறகு 0 எண் முனையைச் செங்குத்தாக நிறுத்தி, முதலில் மூடும் பக்கமாக மயிரிழை அளவு திருப்பினார். கழற்றும் பக்கத்துச் சுவர்களே தேய்ந்திருந்தன. மறுபக்கத்துச் சுவர்களில் இன்னும் பிடிப்பு இருந்தது. பசையின் பிடி விட்டது. அதன்பின் உள்ளங்கையால் அழுத்தியபடி மெல்ல இடப்புறம் திருப்பினார். கைப்பலத்தில் முக்காற் பங்கு அழுத்துவதற்கு, காற் பங்கு திருப்புவதற்கு என்பது அவரது கணக்கு. ஆணி வெளியே வந்தது.

உள்ளே விசிறியில் பஞ்சு மெத்தையைப் போலத் தூசி படிந்திருந்தது. மென்மையான தூரிகையால் அதனை அகற்றினார். வழுகிய ஆணிக்குப் பதிலாக அதே நீளமும் பருமனும் உடைய வேறொன்றை அளந்து பூட்டினார். நீளம் கூடிய ஆணியைத் தவறான துளையிற் பூட்டினால் அது மேற்புறத்தையோ விசைப்பலகையையோ குத்திச் சேதமாக்கும். ஆகையால் கழற்றும்போதே தாளிலே கணினியின் படத்தை வரைந்து, ஒவ்வோர் ஆணியையும் அதனதன் இடத்தில் ஒட்டி வைக்கவேண்டும் என்று எமக்குப் பாடம் சொன்னார். நாம் ஒன்பது ஆணிகளையும் ஒரே கிண்ணத்திற் போட்டுக் கொண்டுபோயிருந்தோம்!

"இதுக்கும் வராட்டில் என்ன செய்வியள்?" என்று கேட்டோம். தலை வெளியே துருத்தி நின்றால் சிறு குறட்டால் பற்றித் திருப்பலாம்; இல்லையேல் சுற்றிலும் மூடிக் கட்டிவிட்டு, தலையிலே ஒற்றைப் பள்ளம் வெட்டித் தட்டை முனையால் திருப்பலாம்; துளைப்பது கடைசி வழி, அதுவும் பழகிய கைக்கே உரியது என்றார்.

பதறாத காரியம் சிதறாது என்று எம் முன்னோர் சொல்லிவைத்தனர். அந்தப் பழமொழியை நாமும் இப்பகுதியிலே பலமுறை மாணவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறோம். அன்று அது எம் வாயில் இருந்தது. பிள்ளையின் கையில் இருந்தது. முதல் தரம் வழுகியபோதே அவள் நிறுத்தச் சொன்னாள். வயதினால் மூத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக நாம் கேட்கவில்லை. வீடு திரும்பும் வழியில் அதை அவளிடம் ஒப்புக்கொண்டோம்.

கட்டுரை உரிய நாளிற் கையளிக்கப்பட்டது. வழுகிய ஆணி எமது எழுதுமேசையில் ஒரு சிமிழுக்குள் இருக்கிறது. எமது திருப்புளிப் பெட்டியை மட்டும் காணவில்லை. விசாரித்ததில், பிள்ளை விடுதிக்குத் திரும்பும்போது "பாதுகாப்புக்காக" அதனைத் தன்னுடன் எடுத்துச் சென்றுவிட்டாள் என்று தெரியவந்தது.