நரை குற்றமல்ல!

"அறுபது தாண்டிவிட்டதா? வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்காரட்டும்!"

எங்கேனும் ஒரு முதியவர் ஓட்டிய வண்டி விபத்தில் சிக்கியது என்று செய்தி வந்தால் போதும், சிலர் இப்படித் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். விசாரணை இல்லை, வாதம் இல்லை, வாய்தா இல்லை. தண்டனை மட்டும் தயார்! மறுபக்கம், "நாற்பது வருடம் வண்டி பிடித்த கை இது. இதற்கு யார் பரீட்சை வைப்பது?" என்று மார்தட்டும் பெரியவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேச்சையும் நாம் ஏற்பதற்கில்லை. முதற்பேச்சு அநீதி, இரண்டாவது ஆபத்து.

சூலூரில் நின்று பாருங்கள், தோழர்களே! திருச்சி ரோட்டில் பஸ், லாரி, மில் வண்டி என்று ஓயாத ஓட்டம். அவற்றின் ஓரமாக மொபெட்டுகள் ஊர்ந்து செல்கின்றன. முன்னே பால் கேன், பின்னே தீவனக்கட்டு. ஓட்டுகிறவர் தலையில் கருப்பு முடி ஒன்றுகூட இல்லை. 1980-இல் டி.வி.எஸ். 50 சந்தைக்கு வந்தபோது இருபத்தைந்து வயதில் அதை வாங்கிய வாலிபர் இன்று எழுபதைத் தொட்டுவிட்டார். சூலூர் சந்தைக்கும் சோமனூர்த் தறிக்குடோனுக்கும் அவர் போவது பொழுதுபோக்கவா? இல்லை, பிழைக்க! சீமான் வீட்டுச் சாவியைப் பறித்தால் உல்லாசம் போகும். இவர் சாவியைப் பறித்தால் உலை அணையும். இந்த வேறுபாட்டை மறந்து சட்டம் பேசுவது சட்டமாகாது.

"முதியவர்களால்தானே விபத்து?" என்று கேட்பவர்களுக்குக் கணக்கே பதில் சொல்லும். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் மட்டும் 64,105. நாட்டிலேயே முதலிடம், பெருமைப்பட முடியாத முதலிடம்! மாண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குட்பட்டவர்கள். வேகம், போதை, தலைக்கவசமின்மை, தவறான பக்கத்தில் பாய்வது ஆகியவை நரைத்த தலைக்கே உரிய நோய்களா? சாலை சாவின் பாதையாகிவிட்டது என்றால், அந்தப் பழி முழுவதையும் தாத்தாவின் தலையில் ஏற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ள முடியாது.

எனினும் உண்மையை மறைத்து முதியவர்களுக்குப் பல்லக்குத் தூக்க நாம் வரவில்லை. எதிரே வரும் லாரியின் விளக்கு, இருபது வயதுக் கண்ணைவிட எழுபது வயதுக் கண்ணை அதிக நேரம் கூசச் செய்கிறது. புரை படர்ந்த கண்ணுக்கு அந்திப்பொழுதே நள்ளிரவு. கழுத்து திரும்ப மறுக்கிறது. சர்க்கரை நோய் முற்றியவருக்குக் கால் மரத்துப் போகிறது. மரத்த காலுக்குப் பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்று எப்படித் தெரியும்?

2019 ஏப்ரலில் ஜப்பானின் டோக்கியோ நகரில் 87 வயது முதியவர் ஒருவர், பிரேக் என்று எண்ணி ஆக்சிலேட்டரை மிதித்தார். தெருவைக் கடந்துகொண்டிருந்த இளந்தாயும் மூன்று வயதுப் பெண் குழந்தையும் மாண்டனர். முதுமைக்கு மரியாதை உண்டு. அந்தக் குழந்தையின் உயிருக்கு மரியாதை இல்லையா?

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓட்டுநருக்கு மேல்வயது வரம்பு கிடையாது. 55 வயதைக் கடந்தவருக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை லைசென்ஸ் புதுப்பிக்கப்படும். 74-இல் புதுப்பித்தவரை 79 வரை கேட்பார் இல்லை! இடையில் கண் மங்கலாம், காது அடைக்கலாம், கை நடுங்கலாம், சட்டம் உறங்கும். அதைவிட விந்தை, லாரி, பஸ் ஓட்டுவோரின் லைசென்சை மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதித்து வந்ததை 2019-இல் ஐந்தாண்டாக நீட்டியது டில்லி. இறுக்க வேண்டிய இடத்தில் தளர்த்தினார்கள்!

மருத்துவச் சான்றிதழ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவில் உள்ள நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா, காது கேட்கிறதா, கை கால் கட்டுப்பாட்டில் உள்ளதா என்றெல்லாம் அந்தப் படிவம் டாக்டரைக் கேட்கிறது. கேள்விகள் நல்ல கேள்விகள்தாம். ஆனால் எத்தனை இடங்களில் டாக்டர் கண்ணைப் பார்த்துக் கையெழுத்திடுகிறார், எத்தனை இடங்களில் கட்டணத்தைப் பார்த்துக் கையெழுத்திடுகிறார்? சம்பந்தப்பட்டவர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்!

வயதும் திறமையும் ஒன்றல்ல. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் வளைந்த விரல்களால் அறுவை செய்து எண்ணற்றோர்க்குப் பார்வை தந்தார். "உனக்கு வயதாகிவிட்டது" என்று அவரை உட்கார வைத்திருந்தால் இழப்பு யாருக்கு? ஆகவே சோதிக்க வேண்டியது பிறந்த தேதியை அல்ல. பார்வையை, செவியை, காலின் வேகத்தை!

சோதித்துப் பார்த்து, முடியாது என்று தெரிந்துவிட்டால்? அங்கேதான் வழக்கின் வேர் இருக்கிறது. 2019 ஜனவரியில் இங்கிலாந்து அரசியின் கணவர் பிலிப், 97-ஆம் வயதில் தாமே ஓட்டிச் சென்ற கார் இன்னொரு காரில் மோதியது. அந்தக் காரிலிருந்த இரு பெண்களும் கைக்குழந்தையும் உயிர் தப்பினர். அடுத்த மாதமே அவர் லைசென்சை ஒப்படைத்தார். நல்ல செயல்தான். ஆனால் அவருக்கு என்ன கஷ்டம்? கதவைத் திறக்க ஓர் ஆள், காரை ஓட்ட ஓர் ஆள்! செலக்கரிச்சல் காட்டில் குடியிருக்கும் பெரியவர் ஒப்படைத்தால் அவரை யார் ஏற்றிச் செல்வார்? மகன் ஷிப்டு வேலையில். மருமகள் பனியன் கம்பெனியில்.

ஜப்பானில் லைசென்சைத் தாமாகத் திருப்பித் தரும் முதியவருக்குச் சான்று கொடுக்கிறார்கள். பல ஊர்களில் அதைக் காட்டினால் பஸ்ஸிலும் டாக்சியிலும் கட்டணச் சலுகை. சாவியை வாங்கிக்கொண்டு சவாரிக்கு வழி செய்கிறார்கள். இங்கே? சென்னை மாநகரப் பேருந்துகளில் 2016-இல் முதியோருக்கு மாதம் பத்து இலவசப் பயணம் தந்தார்கள். சூலூர் முதியவர் என்ன பாவம் செய்தார்? 2021-இல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. ஆத்தா பஸ்ஸில் ஏறினார், அப்பாரு மொபெட்டை உதைத்தார்! இதே வட்டாரத்துக் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு 1920-இல், ஒற்றை பஸ்ஸைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கினார். அவர் பிறந்த மண்ணில், நூறாண்டு கடந்த பின்பும், கிராமத்து முதியவர் பஸ் இல்லாமல் மொபெட்டை நம்புவது அழகா?

பாட்டாளி ஓட்டுநர்களின் கதை இன்னும் கசப்பு. அரசு பஸ் ஓட்டுநர் அறுபதில் ஓய்வு பெறுகிறார். தனியார் லாரியில், பள்ளி வேனில், வாடகைக் காரில் உழைத்தவருக்கு ஓய்வு ஏது? தொழிலாளர் வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014-இல் மாதம் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. மாநில முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ஆனது. இந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு, "கண் மங்கிவிட்டது, இனி ஓட்டமாட்டேன்" என்று சொல்லும் துணிவு எந்த ஏழைக்கு வரும்? மங்கிய கண்ணோடு அவரை இரவில் ஓட்ட வைப்பது பேராசை அல்ல, பசி!

எனவே நாம் கேட்பது மூன்று. எழுபதைக் கடந்தவருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை கண், காது, கை கால் சோதனை. அது காசு வாங்கும் சடங்காக இல்லாமல், அரசு மருத்துவமனையில் இலவசமாக, நேர்மையாக நடக்க வேண்டும். அடுத்து, பறிப்பு, அனுமதி என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு வழி: இரவில் முடியாதவருக்குப் பகல் மட்டும், நெடுஞ்சாலையில் முடியாதவருக்கு உள்ளூர் மட்டும் என்று வரம்பிட்ட லைசென்ஸ். மூன்றாவது, சாவியைத் தருபவருக்குக் கட்டணமில்லா பஸ், அவர் ஊருக்கு வந்து போகும் பஸ். உழைத்து ஓய்ந்தவருக்கு வயிறு நிறையும் ஓய்வூதியம்.

பெரியவர்களே! சோதனை என்றால் சீறாதீர்கள். கண் பரிசோதனை உங்கள் கௌரவத்தின்மீது விழும் அடி அல்ல. தெருவில் ஓடும் பேரக்குழந்தைக்குப் போடும் வேலி. பிள்ளைகளே! சாவியை ஒளித்து வைப்பது எளிது. அப்பாவைச் சந்தைக்கு அழைத்துப் போவதுதான் கடன். தோழர்களே! உங்கள் கிளைப் பகுதியில் எந்த ஊருக்குப் பஸ் இல்லை, எந்த முதியவருக்கு உதவித்தொகை வரவில்லை என்று பட்டியல் எடுங்கள். உரியவரிடம் கொண்டுபோய் வையுங்கள்.

நரை குற்றமல்ல. மங்கிய கண்ணை மறைத்து ஓட்டுவது குற்றம். ஓட்டாமல் வாழ வழி செய்யாமல் "ஓட்டாதே" என்று ஆணையிடுவது, அதனினும் பெரிய குற்றம்!