மறுபடியும் முதல் வருஷமா?

பள்ளிபாளையத்துப் பெற்றோர்களே, கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். தறிக்கூடத்தில் அறுந்து விழுகிற கழிவு நூலைக்கூட நாம் கூட்டி அள்ளி, மூட்டை கட்டி, எடை போட்டு விற்கிறவர்கள். கிலோவுக்கு ரெண்டு ரூபாய் குறைத்துக் கேட்டால் வியாபாரியோடு மல்லுக்கு நிற்போம். பெற்ற பிள்ளை உட்கார்ந்து படித்து, பரீட்சை எழுதி, தேறிய ரெண்டு வருஷத்தை மட்டும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் கொட்டிவிட்டு வருகிறோம்.

ஜூன் பிறந்தால் இது நடக்கிறது. தறி நின்றுபோனது, குழுக்கடன் தவணை கட்ட முடியவில்லை, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, கல்யாணம் பேசினார்கள் என்று ஏதோ ஒரு காரணத்தால் படிப்பு பாதியில் நின்றிருக்கும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து வேறொரு கல்லூரிக்குக் கூட்டிப்போகிறோம். அங்கே கவுன்ட்டரில் இருப்பவர் “முன்னாடி எங்கயாச்சும் படிச்சாங்களா?” என்று கேட்டால், நாம் முந்திக்கொண்டு “அதெல்லாம் எதுக்குங்க, புதுசாவே சேத்தி உட்ருங்க” என்கிறோம். அவருக்கும் அதுதான் சௌகரியம். மூன்று வருஷக் கட்டணம் வரும் இடத்தில் ஒன்றரை வருஷக் கட்டணத்துக்கு அவர் ஏன் மெனக்கெட வேண்டும்?

ஆவாரங்காட்டுப் பக்கம் ஒரு பையன். பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ.யில் ரெண்டு வருஷம் ஃபிட்டர் தேறி, வெப்படையில் ஒரு நூல்மில்லில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தான். மேலே படிக்க ஆசைப்பட்டதும் அவன் அப்பா பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டார், முதலாம் ஆண்டில். வொர்க்‌ஷாப் வகுப்பில் பத்தாவது முடித்து வந்த பிள்ளைகளுக்கு வைஸில் இரும்பைக் கடித்துவைத்து அரம் போடுவது எப்படி என்று வாத்தியார் காட்டுகிறார். மில்லில் ஸ்பிண்டில் மாற்றி, பேரிங் மாற்றிப் பழகியவன் அவர்களோடு வரிசையில் நின்று தன் முறைக்குக் காத்திருக்கிறான். தமிழ்நாட்டில் பத்தாவதுக்குப் பின் ரெண்டு வருஷ ஐ.டி.ஐ. தேறியவர்கள், உரிய பிரிவில் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பிளஸ் டூவில் உரிய பாடங்கள் படித்தவர்களும் அப்படியே. இது நேற்று வந்த சட்டமல்ல, பல வருஷமாக நடப்பில் இருப்பது. அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்த ஒருவரைக் கேட்கவும் அவருக்குத் தோன்றவில்லை. ஒரு வருஷக் கட்டணமும் போச்சு, ஒரு வருஷச் சம்பளமும் போச்சு.

நேராக இரண்டாம் ஆண்டில் சேரும் பிள்ளைக்குக் கணக்குப் பாடம் கொஞ்சம் கழுத்தைப் பிடிக்கும் என்பது உண்மைதான். முதலாம் ஆண்டில் மற்றவர்கள் படித்த கணிதத்தை இவன் பார்த்திருக்க மாட்டான். அதற்கு மாலையில் நாலு மாதம் டியூஷன் வைத்தால் தீர்ந்தது. அதற்காக ஒரு வருஷத்தையே பலி கொடுப்பார்களா?

டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர ஒவ்வொரு வருஷமும் தனிக் கலந்தாய்வு நடக்கிறது. பிளஸ் டூவில் கணிதம் படித்து பி.எஸ்சி. முடித்தவர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. விண்ணப்பம் வழக்கமாகக் கோடை முடிவதற்குள் வந்துவிடும். நீட் எப்போது, பொறியியல் தரவரிசை எப்போது என்று நாளேட்டைப் புரட்டுகிற நாம் இந்த அறிவிப்பைத் தாண்டிப் போய்விடுகிறோம், அது நம் கண்ணுக்கு ‘ரெண்டாந்தரம்’ என்பதால். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டு உறைவிடப் பள்ளிகள் நம் மண்டையில் ஏற்றிய கோளாறு இது. பிளஸ் டூ மார்க்கு ஒன்றுதான் வழி, அதில் தவறினால் ஆள் அவ்வளவுதான் என்று நம்பிவிட்டோம்.

கலை அறிவியல் கல்லூரி என்றால் விஷயம் இன்னும் சிக்கல், அதிலும் நம் ஊருக்குத் தனிச் சிக்கல். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஈரோடு, பத்து நிமிஷப் பேருந்துப் பயணம். ஆனால் அக்கரையில் இருக்கும் கல்லூரிகள் 1982-இல் தொடங்கிய கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. இக்கரை நாமக்கல் மாவட்டம், 1997-இல் வந்த சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லை. ஈரோட்டில் பி.எஸ்சி. மூன்று செமஸ்டர் தேறிய பெண் இந்தப் பக்கம் வந்து தொடர வேண்டும் என்றால், பாலத்தைக் கடந்தால் மட்டும் போதாது, பல்கலைக்கழகத்தையும் கடக்க வேண்டும். தமிழ், ஆங்கிலத் தாள்களில் பெரும்பாலும் தகராறு வராது. முதன்மைப் பாடத்திலும் துணைப்பாடத்திலும்தான் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அங்கே மூன்றாம் செமஸ்டரில் வந்த தாள் இங்கே இரண்டாம் செமஸ்டரில் இருக்கும், அங்கே இல்லாத ஒன்று இங்கே இருக்கும். விடுபட்டதைத் தனியாக எழுதித் தேற வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பாடத்திட்டம் மாறும்.

இதெல்லாம் நடக்காத காரியமல்ல. ஆனால் அதற்குக் காகிதம் வேண்டும். எழுதிய ஒவ்வொரு செமஸ்டரின் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், பல்கலைக்கழகம் மாறினால் மைக்ரேஷன் சான்றிதழ். எல்லாவற்றையும்விட முக்கியம், பிள்ளை படித்த வருஷத்தின் சிலபஸ் நகல், துறைத்தலைவர் கையெழுத்தோடு. இதைத்தான் யாரும் வாங்குவதில்லை. “ஆபரேட்டிங் சிஸ்டம்” என்று மதிப்பெண் பட்டியலில் ஒரு வரி இருந்தால், அதற்குள் எத்தனை யூனிட், என்னென்ன பாடம் என்று புதுக் கல்லூரிக்கு எப்படித் தெரியும்? கல்லூரியை விட்டு வரும் நாளில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு டி.சி.யை மட்டும் பிடுங்கிக்கொண்டு வருகிறோம். ரெண்டு வருஷம் கழித்துப் போனால் அங்கே பாடத்திட்டமே மாறியிருக்கும், பழைய சிலபஸைத் தேடித் தர ஆள் இருக்காது.

டெக்சாஸில் இருக்கும் எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு இதே தலைவலி. கல்யாணமாகிப் போனவள் அங்கே கம்யூனிட்டி காலேஜில் சேரப் போனாள். அமெரிக்காவில் அது ரெண்டு வருஷக் கல்லூரி. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், அங்கே வாங்கிய கிரெடிட்டோடு நாலு வருஷப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டுக்குப் போகலாம். கலிபோர்னியாவில் மட்டும் அப்படி 116 கல்லூரிகள். அவளைப் பார்த்து அங்கே யாரும் “ஏன் பாதியில் விட்டாய்?” என்று கேட்கவில்லை. கேட்டது பழைய கல்லூரியின் மதிப்பெண் விவரமும், ஒவ்வொரு தாளிலும் என்ன படித்தாள் என்ற விளக்கமும். இங்கே அவள் அப்பா அதற்காகப் பழைய கல்லூரி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். கல்லூரியை விடும்போதே வாங்கியிருந்தால் ஒரு நாள் வேலை.

நம் நாட்டில் சமுதாயக் கல்லூரி இல்லாமல் இல்லை. 1995-இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தொடங்கியது, அடுத்த வருஷம் சென்னையில் கத்தோலிக்கத் திருச்சபை தொடங்கியது. பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்தக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுத்தது. பள்ளியையோ கல்லூரியையோ பாதியில் விட்டவர்களுக்காகவே வந்த ஏற்பாடு. தொழிற்பயிற்சி தந்தது, வேலைக்கு அனுப்பியது. ஆனால் அங்கே படித்ததைத் தூக்கிக்கொண்டு பட்டப்படிப்புக்குள் நுழைகிற வழி அமெரிக்காவில் போல அகலமாகவில்லை. ‘படிக்காத பிள்ளைக்கு’ என்று நாம் முத்திரை குத்தியதும் அதற்கு ஒரு காரணம்.

இப்போது ஒன்றிய அரசின் கிரெடிட் வங்கி வந்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் விதி போட்டது. டிஜிலாக்கர் மூலம் பன்னிரண்டு இலக்க எண் எடுக்க வேண்டும். பிள்ளை தேறிய தாள்களின் கிரெடிட்டைக் கல்லூரி அதில் ஏற்றும். பொதுவாக ஏழு வருஷம் வரை செல்லும். பட்டம் தருகிற நிறுவனத்தில் குறைந்தது பாதி கிரெடிட் வாங்கியிருக்க வேண்டும். 2023-இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்புப்படி முப்பது மணி நேரப் படிப்பு ஒரு கிரெடிட், வருஷத்துக்கு நாற்பது. இடையில் சேர்வதும் விலகுவதும் இடைநிற்றலைத்தான் வளர்க்கும் என்று தமிழ்நாட்டில் எதிர்ப்பு இருக்கிறது, அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. அதை அரசாங்கங்கள் பேசிக்கொள்ளட்டும். ஏற்கெனவே விலகி வந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த எண் ஒரு சாட்சி.

அதிலும் நம் அசட்டை. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், மதிப்பெண் பட்டியலில் முன்னால். பிறந்த தேதியில் ஒரு எண் பிசகு. ஆதாரோடு இணைத்த செல்பேசி எண் என்றைக்கோ தூக்கிப்போட்ட சிம். ஓ.டி.பி. எங்கே வரும்? குழுக்கடனுக்கு என்றால் மறுநாளே ஆதாரைத் திருத்தி வந்து நிற்கிறோமே! இன்னொன்று, வங்கியில் கிரெடிட் இருப்பதால் மட்டும் எந்தக் கல்லூரியும் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும் என்றில்லை. காலியிடம் இருக்க வேண்டும், பாடம் ஒத்துப்போக வேண்டும். பி.இ. மெக்கானிக்கலை விட்டுவிட்டு பி.காம். போகிறவனுக்கு மொழித்தாளைத் தவிர என்ன தேறும்? அவன் முதல் வருஷத்தில்தான் சேர வேண்டும், அதில் நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

“ஒரிஜினல் எல்லாம் பழைய காலேஜ்ல மாட்டிக்கிச்சுங்க, மீதி பீஸ் கட்டுனாத்தான் தருவாங்களாம்” என்று ஒரு பதில் வரும். 2018 அக்டோபரில் மானியக் குழு இதற்கென்றே அறிவிக்கை போட்டிருக்கிறது. மாணவரின் அசல் சான்றிதழைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளவே கூடாது, சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும். சென்னை உயர் நீதிமன்றமும், கல்விச் சான்றிதழ் சந்தைச் சரக்கல்ல, பாக்கிக்காகப் பிடித்துவைக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. அதே அறிவிக்கையில் கட்டணத்தைத் திருப்பித் தரும் கணக்கும் உண்டு. சேர்க்கையின் கடைசி நாளுக்குப் பிறகு 15 நாளுக்குள் விலகினால் 80 சதவீதம், 30 நாளுக்குள் என்றால் 50, அதற்கு மேல் கிடையாது. பிள்ளை “எனக்கு இது ஒத்துவரல” என்று முதல் மாதமே சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். “போகப் போகச் சரியாயிரும் சாமி” என்று தீபாவளி வரை தள்ளிவிட்டு, அப்புறம் பணம் போச்சே என்று அவனையே திட்டுவது என்ன நியாயம்?

பயந்துபோய் எதிர்ப்பக்கம் சாய்கிறவர்களும் உண்டு. “ஒரே வருஷத்தில் டிகிரி, பழைய கிரெடிட்டைச் சேர்த்துக்கொள்கிறோம்” என்று சுவரொட்டி ஒட்டுகிற ஏஜெண்டுகளிடம் போய் மாட்டுகிறார்கள். அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் நேராக வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தாவதும் பிளஸ் டூவும் முறையாக முடிக்காமல் வாங்கிய பட்டம் அரசு வேலைக்கு ஆகாது என்று தமிழ்நாடு அரசும் அதே வருஷம் ஆணை போட்டது. டி.என்.பி.எஸ்.சி. எழுதப் போய்ச் சான்றிதழ் சரிபார்ப்பில் கண்ணீரோடு திரும்பியவர்களை நம் ஊரிலேயே விசாரித்துப் பாருங்கள். படித்த வருஷத்தைக் கேட்டு வாங்குவது உரிமை. படிக்காத வருஷத்தைக் காசு கொடுத்து வாங்குவது மோசடி, மாட்டிக்கொள்வது பிள்ளைதான்.

இத்தனைக்கும் அடியில் கிடப்பது நம் வெட்கம். பாதியில் விட்டதை யாருக்கும் தெரியாமல் மறைக்கப் பார்க்கிறோம். முதலாம் ஆண்டில் சேர்த்தால் “இப்பத்தான் சேத்தியிருக்கறம்” என்று சொந்தபந்தத்திடம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாம் ஆண்டில் சேர்த்தால் முதலாம் ஆண்டு எங்கே என்று மாமனும் சித்தப்பனும் கேட்பார்கள். இவர்கள் வாயை அடைக்க இருபது வயதுப் பெண்ணின் ஒன்றரை வருஷம் விலையா? அவளுக்கு எத்தனை தாள் தேறியிருக்கிறது, எத்தனை அரியர் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கல்லூரிக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் பைசா சுத்தமாகச் சொல்வீர்கள்.

சனிக்கிழமைக் கூலி வாங்கிய கையோடு ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, மதிப்பெண் பட்டியல்களை வரிசைப்படுத்தி, தேறிய தாள்களை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். திங்கட்கிழமை பழைய கல்லூரிக்குப் போய் சிலபஸ் நகல் கேளுங்கள். பிறகு சேர்க்கப்போகும் கல்லூரியின் முதல்வருக்கு ஒரு கடிதம்: “என் மகள் இந்தத் தாள்களில் தேறியிருக்கிறாள். எந்த ஆண்டில் சேர்ப்பீர்கள், எந்தத் தாள்களைக் கூடுதலாக எழுத வேண்டும்?” கடிதத்தின் நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தப் பதில் கைக்கு வரும்வரை முதலாம் ஆண்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.