விடுதிகளைப் போய்ப் பாருங்கள், ஆட்சியர் அவர்களே

மதிப்பிற்குரிய திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



2021 டிசம்பரில், பூந்தமல்லிக்கு அருகே புதுச்சத்திரம் விடுதியில் சாப்பிட்ட பெண்கள் கூட்டமாக நோயில் விழுந்தார்கள். சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரிக்கும் பிள்ளைகள். 150 பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி. மறுத்துச் சொல்ல, அவர்கள் நம்பும்படி யாருமில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். ஓர் அறைக்கு ஆறு முதல் முப்பது பேர் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது அதன் பிறகுதான். ஆலை இருப்பது காஞ்சிபுரம் மாவட்டம். விடுதி இருந்தது உங்கள் மாவட்டம்.

அப்போது சட்டம் இல்லாமலா இருந்தது? பொள்ளாச்சி விடுதியில் சிறுமிகளுக்குப் பாலியல் கொடுமை நடந்த 2014ஆம் ஆண்டிலேயே, பெண்கள், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு கொண்டுவந்துவிட்டது. உரிமம் தருவதும், சோதனையிடுவதும் ஆட்சியரின் பொறுப்பு. ஆகவேதான் இந்த மடல் கோட்டைக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

உங்கள் மாவட்டத்திலேயே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிப் பாருங்கள். ஒடிசா, பீகாரிலிருந்து மீசை அரும்பும் வயதில் வந்த பையன்கள் லைன் வீடுகளிலும் தகரக் கொட்டகைகளிலும் இருக்கிறார்கள். பெண்கள், குழந்தைகள் விடுதிச் சட்டம் பதினெட்டு முடிந்த பையன்களைத் தொடாது. பதினெட்டு முடிந்ததா என்று ஆலை வாசலில் கேட்பார்களாம். படுக்கும் இடத்தில் கேட்பவர் யார்?

எனக்குப் பெரிய கவலை சோறும் கழிவறையும்கூட இல்லை. வேலை கொடுக்கும் கான்ட்ராக்டரே படுக்க இடமும் கொடுக்கிறார். வார்டன் மீது புகார் சொல்லும் பெண்ணுக்கு அன்றிரவே படுக்கையும் போகும், மறுநாள் வேலையும் போகும். வாய் திறப்பாளா? காஞ்சிபுரம் மாவட்டத்து வல்லம் வடகாலில் 2024-இல் சிப்காட் 18,720 படுக்கைகளோடு குடியிருப்பு கட்டியது நல்ல காரியம். ஆனால் ஊருக்குள் வாடகைக்கு எடுத்த மாடிகளில்தானே இன்னும் பலர் தூங்குகிறார்கள்?

உரிமம் பெற்ற விடுதிகளின் பட்டியலை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். புகார் எண்ணைத் தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வையுங்கள். அந்த அழைப்பை எடுப்பவர் கம்பெனி ஆளாக இருக்கக் கூடாது. புகார் சொன்னவர் தங்க மாற்றிடம் தயாராக இருக்கட்டும். பையன்கள் தங்குமிடங்களுக்கும் உரிமம் வேண்டுமென்று அரசுக்கு நீங்களே எழுதுங்கள்.

சோதனைக்கு முன்கூட்டிச் சொல்லாமல் வாருங்கள். இரவு ஷிப்ட் முடிந்தவர்கள் தூங்கும் காலை பத்து மணி சரியான நேரம்.

இப்படிக்கு,
இம்மாவட்டத்தில் குடியிருக்கும் ஒருவர்