ஓ.பி. சீட்டு போடுபவரும் மருத்துவப் பணியாளரே

அரசு மருத்துவமனையில் ஆள் பற்றாக்குறை என்று பேச்சு வந்தால் டாக்டர் எத்தனை பேர், நர்ஸ் எத்தனை பேர் என்றுதான் கேட்கிறோம். ஓ.பி. சீட்டு போடுபவர், காப்பீட்டுப் பிரிவில் விண்ணப்பம் ஏற்றுபவர், கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்துத் தருபவர், பிறப்பு இறப்பைப் பதிபவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்பாரில்லை. இந்த வேலைகளில் கணிசமானவை ஒப்பந்தத்திலும் தினக்கூலியிலும் ஓடுகின்றன. யாரை வேண்டுமானாலும் உட்கார வைத்து, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்புதான் இதற்குக் காரணம். இவர்கள் செய்வது சிகிச்சையோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்த வேலை. ஆகவே நிரந்தரப் பணியிடமும், முறையான பயிற்சியும், வார்டு கூட்டங்களில் பேசுவதற்கு ஓர் இடமும் இவர்களுக்கு வேண்டும் என்பதே என் வாதம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2009-இல் கலைஞர் பெயரில் தொடங்கிய காப்பீடு, 2012-இல் இன்றைய பெயரைப் பெற்று, 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டாலே பணம் வந்துவிடாது. முன் அனுமதி வேண்டும். அதற்கு ரேஷன் அட்டை, ஆதார், நோயாளியின் படம், ஸ்கேன் முடிவு, டாக்டரின் குறிப்பு எல்லாம் சரியான சிகிச்சைப் பிரிவின் கீழ் கணினியில் ஏற வேண்டும். ரேஷன் அட்டையில் ‘செல்வி’, ஆதாரில் ‘தமிழ்ச்செல்வி’ என்று இருந்தால் எந்தச் சான்றைக் கேட்க வேண்டும், யாரைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்பது அந்த மேசையில் பழகியவருக்குத் தெரியும். புதிதாக வந்தவர் “நாளைக்கு வாங்க” என்பார். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் முதியவருக்கு அந்த ஒரு நாள் வலி, படுக்கைப் புண், கூட இருப்பவரின் கூலி இழப்பு. மருத்துவமனைக்கும் நட்டம் உண்டு. காப்பீட்டிலிருந்து அரசு மருத்துவமனைக்கு வரும் தொகையிலிருந்தும் கருவிகளும் உபகரணங்களும் வாங்குகிறார்கள். ஆவணம் குறைந்து விண்ணப்பம் திரும்பினால் அந்தப் பணமும் திரும்பிவிடும்.

பிறப்புப் பதிவு இதைவிட நீண்ட காலத்துக்கு ஒருவரைத் தொடர்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பிரசவம் மருத்துவமனையில் நடந்தால் தெரிவிக்கும் பொறுப்பு மருத்துவமனைக்கு. அந்தச் சட்டத்தின் திருத்தம் 2023 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை அனைத்துக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். குழந்தையின் பெயரைப் பிறகுகூடச் சேர்க்கலாம். தாய் தகப்பன் பெயரும் இனிஷியலும் கர்ப்பகாலப் பதிவுக்கான பிக்மி எண்ணும் பிரசவ வார்டிலிருந்து வரும் விவரப்படியே ஏறிவிடுகின்றன. இரவில் இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவரே பார்த்து, ஓர் எழுத்து தவறிப்போனால், அதைத் திருத்த அந்தக் குடும்பம் சான்றுகளைச் சுமந்துகொண்டு அலைய வேண்டும். பச்சைப்பிள்ளையோடு, வேலைக்கு லீவு போட்டு.

எழுத்து வேலை ஒழுங்காக நடந்தால் மருத்துவமே எப்படி மாறும் என்பதற்குத் தமிழ்நாட்டில்தான் சான்று இருக்கிறது. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் பெருமைக்கு மொத்தக் கொள்முதல் மட்டும் காரணமில்லை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் தந்தார்கள். ஒதுக்கீடு எவ்வளவு, எடுத்த மருந்து எவ்வளவு, மீதி எவ்வளவு என்பது அதில் பதிவு செய்யப்பட்டது. கிடங்கில் இருப்பு கணினியில் ஏறியது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதே வகைக் கழகங்களை அமைத்தன. பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியான அந்த அமைப்பைத் தாங்கி நிற்பது கணக்கு எழுதுபவர்களின் கவனம்.

இருக்கிற பணத்தில் முதலில் டாக்டரையும் நர்ஸையும் நியமிக்கலாமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எழுத்தர் இல்லையென்றால் எழுத்து வேலை நின்றுவிடுவதில்லை, அது வார்டுக்குள் போகிறது. நர்ஸ் பதிவேடு நிரப்புகிறார். ஹவுஸ் சர்ஜன் படிவத்தையும் ரிப்போர்ட்டையும் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடுகிறார். நோயாளிக்கு மருந்து கொடுக்க வேண்டிய நேரம் அதில் கரைகிறது. எழுத்தருக்கு மிச்சம் பிடித்த சம்பளத்தை நர்ஸின் நேரமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எல்லாம் கணினிமயமாகும்போது ஆள் எதற்கு என்பது அடுத்த கேள்வி. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கின. ஓ.பி., அட்மிஷன், பரிசோதனைக் கூடம் எல்லாமே நாள் கணக்கில் கையால் எழுதும் முறைக்குத் திரும்பின. அப்படியொரு நெருக்கடி வராத நாளிலும், க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யத் தெரியாத, ஸ்மார்ட்போனே இல்லாத, எந்தத் துறைக்குப் போவதென்று புரியாத நோயாளிகள்தான் அரசு மருத்துவமனை வரிசையில் அதிகம். “வயித்து வலி” என்று சொல்பவரைப் பொது மருத்துவத்துக்கு அனுப்புவதா, மகப்பேறு பிரிவுக்கு அனுப்புவதா, நேரே அவசரப் பிரிவுக்கா என்பதைக் கவுண்டரில் இருப்பவர் இரண்டு கேள்வி கேட்டு முடிவு செய்கிறார். அந்த இரண்டு கேள்விகளை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதுதான் என் கவலை.

மூன்றாவது ஆட்சேபத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்: நிரந்தரமாக்கினால் மெத்தனமும் கையூட்டும் பெருகும் என்பது. அரசு அலுவலகங்களில் மக்கள் பட்ட அனுபவத்திலிருந்து வரும் அச்சம் இது, தள்ளிவிட முடியாது. ஆனால் குறைந்த கூலிக்கு, எப்போது அனுப்பிவிடுவார்களோ என்று வேலை பார்ப்பவரிடம் பொறுப்பை எதிர்பார்ப்பது எப்படி? தவறு நடந்தால் மருத்துவமனை ஒப்பந்த நிறுவனத்தைக் காட்டும், நிறுவனம் ஆளை மாற்றிவிடும், தவறு அப்படியே இருக்கும். நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாகவே ஆள் வைத்திருக்கும் வழக்கத்தை 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றமும் கண்டித்திருக்கிறது.

டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், ஆய்வக நுட்பநர் ஆகியோரைத் தேர்ந்தெடுக்க 2012 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் இருக்கிறது. மருத்துவமனை எழுத்துப் பணிக்கும் தனிப் பிரிவு ஏற்படுத்தி அதன் வழியே ஆள் எடுக்கலாம். சேர்ந்தவுடன் ஒவ்வொரு பிரிவிலும் சில வாரம் பயிற்சி தரலாம். பதிவு செய்த விவரத்தை நோயாளியிடம் வாசித்துக் காட்டிய பிறகே சமர்ப்பிக்க வேண்டும் என்று விதி செய்யலாம். பதிந்தவரின் பணியாளர் எண் சீட்டிலேயே அச்சாகட்டும். தவறு யாருடையது என்று கேட்க வருபவருக்குப் பதில் சொல்ல அந்த ஆள் அடுத்த ஆண்டும் அங்கே இருக்கட்டும்.