வழிநடையில் இல்லறம்

சென்னையினின்று தெற்கே செல்லும் பெருஞ்சாலை நமது பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிச் செல்கின்றது. விடுமுறை வந்ததும் இச்சாலை வழியே வேன் அமர்த்திக் குடும்பத்தோடு யாத்திரை புறப்படுகின்றோம். அடுப்பு, அரிசி, தண்ணீர்க்குடம் யாவும் உடன் வரும். மரநிழல் கண்டவிடத்தே சமையல். உண்டபின் மீண்டும் பிரயாணம். முற்காலத்தில் அழகர்கோயிலுக்குக் கூண்டுவண்டி கட்டிச் சென்றோரும் இவ்வாறே வழியிற் பொங்கி உண்டனர். 1830களில் தென்னாப்பிரிக்காவின் கேப் நாட்டை விட்டு நீங்கிய போயர் குடும்பத்தினர் எருதுவண்டிகளிலேயே மாதக்கணக்கிற் குடித்தனம் செய்தனர். உடன்சென்ற ஆப்பிரிக்கப் பணியாளரின் உழைப்பும் அவ்வாழ்க்கையைத் தாங்கிற்று.

நிற்க. நமது வழிச்சமையலைத் தாங்குவோர் யாவர்? ஆடவர் நிழலில் அயர்ந்திருக்க, அன்னையரே அரிசி களைந்து, அடுப்பின்முன் வெந்து, பாத்திரமும் துலக்குகின்றனர். ஊரை விட்டு நீங்கியும் அடுக்களையை விட்டு நீங்காதார்க்கு அது விடுமுறையாகுமோ?

நாம் சமைத்தாற் சோறு குழையும் என்பர் சிலர். குழையட்டுமே, ஒருநாட் குழைந்த சோற்றால் எவர்க்கும் கேடில்லை.

ஆதலின் மாணவ நண்பர்காள், அடுத்த யாத்திரையில் நீர் கொணர்தலும் சோறு வடித்தலும் பாத்திரம் துலக்கலும் நமது கடனாகுக. வழியிற் பழகிய கை வீட்டிலும் அதனை மறவாது. அன்னையர்க்கும் அம்மரநிழல் வாய்க்கட்டும்.