மரப்பட்டை கூறும் சாட்சியம்

2022 டிசெம்பரில் காற்றின் தரம் மோசமடைந்ததால் நாட்டின் அரச பாடசாலைகள் மூடப்பட்டதை யாழ்ப்பாண மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று கருவிகள் தூசியின் அளவைக் கூறின. ஆனால் அத்தூசியில் ஈயம் இருந்ததா, கட்மியம் இருந்ததா என்ற வினாவுக்கு வெறும் தூசிமானிகள் விடை தருவதில்லை. அந்த விடையைத் தரவல்ல உயிரினமொன்று நமது வளவு மரங்களிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

மாமரத்திலும் தென்னையிலும் சாம்பல் நிறத் திட்டுகளாகக் காணப்படும் இலைக்கன்களே அவை. பிரியாணியில் வாசனைக்காக இடப்படும் கல்பாசியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பங்கசும் அல்காவும் இணைந்து வாழும் இவ்வுயிருக்கு வேர் இல்லை; மேற்றோலைக் காக்கும் மெழுகுப்படையும் இல்லை. எனவே காற்றும் மழையும் கொண்டுவரும் உலோகங்கள் அதனுள் ஆண்டுக்கணக்கில் சேர்கின்றன. கருவி ஒரு நாளின் நிலையைக் கூற, இலைக்கன் பல ஆண்டுகளின் கணக்கைக் கூறுகின்றது.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. தமிழகத்தின் கொடைக்கானலில் இயங்கிய இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு தொடர்பான எதிர்ப்பினால் 2001 இல் மூடப்பட்டது. ஹைதராபாத்திலுள்ள இந்திய அணுசக்தித் துறையின் ஆய்வுக்கூடத்தினர் அங்குள்ள மரங்களின் இலைக்கன்களையும் பாசிகளையும் ஆராய்ந்து, அவற்றில் பாதரசம் மிகுந்திருந்ததை 2003 இல் வெளியிட்டனர். தொழிற்சாலைக் கதவு மூடப்பட்ட பின்னரும் மரங்கள் சாட்சி கூறின. எனினும் முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு காண்பதற்கு 2016 வரை சென்றது.

இத்தகைய தாமதம் நமக்கும் புதிதல்ல. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்த பின்னரே நிலத்தடி நீர் பற்றி நாம் விழித்துக்கொண்டோம். மின் உற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019 இலேயே. கிணற்று நீரின் மாசு கண்ணுக்குத் தெரிந்தது. காற்றில் கலந்த உலோகம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டமை உண்மையே. ஆயினும் பழைய மின்கலங்களை உருக்குதல், குப்பைகளை எரித்தல், வாகனத் தடைகளின் தேய்மானம் என்பவற்றால் உலோகங்கள் காற்றில் கலக்கவே செய்யும். விலையுயர்ந்த கருவிகளை ஒவ்வோர் ஒழுங்கையிலும் நிறுவ முடியாது. திருநெல்வேலியில் அமைந்துள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல், இரசாயனவியல் துறைகள் இணைந்து பலாலி வீதி, சுன்னாகம், வாகன நெரிசல் குறைந்த தீவகம் ஆகிய இடங்களின் இலைக்கன்களை ஒப்பிட்டு ஒரு வரைபடம் தயாரிக்கலாம். வரண்ட குடாநாட்டில் இலைக்கன் அருகிய இடங்களில், தூய பிரதேசத்திலிருந்து பெற்றவற்றை வலைப்பைகளில் தொங்கவிட்டுச் சோதிக்கும் முறையும் உண்டு.

இலைக்கன் நோயை நிர்ணயிக்காது. எங்கே தேடவேண்டுமென்று மட்டுமே சுட்டிக்காட்டும். மாசு வந்தபின் நீதிமன்றப் படியேறுவதிலும், அது வருமுன் மரத்தைக் கேட்பது மலிவானது. மாகாண சபையும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் இதற்கு முன்வரவேண்டும்.