அமெரிக்காவின் 'ஸ்பாரோ' நம்ம சிட்டுக்குருவியா?

இல்லை. நம்ம ஊர்ச் சிட்டுக்குருவி அமெரிக்காவுக்கு 1850களில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோகப்பட்டது. குளிர்காலத்தில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பைனாகுலரோடு நிற்பவர்கள் தேடுவது வேறு குடும்பம். எல்லாமே பழுப்பு, புதுசா பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். தொண்டை வெள்ளை, கண்ணருகே மஞ்சள் புள்ளி என்றால் வெண்தொண்டை ஸ்பாரோ. மார்புக் கோடுகள் நடுவில் கூடிப் பொட்டு மாதிரி தெரிந்தால் சாங் ஸ்பாரோ.

வெட்டி வேலையா இது? 1900-ல் 27 பேர் தொடங்கிய கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பு இப்படிப் பொறுமையாகப் பார்ப்பவர்களால்தான் ஓடுகிறது. 1970-க்குப் பிறகு வட அமெரிக்கா சுமார் 290 கோடி பறவைகளை இழந்துவிட்டது என்றது 2019-ல் வெளியான ஆய்வு. அதிக இழப்பு இந்த ஸ்பாரோ குடும்பத்துக்குத்தான். 'பழுப்புக் குருவிதானே' என்று எண்ணாமல் விட்டிருந்தால், குறைந்ததே தெரிந்திருக்காது.